பாக்கியம் கொண்டுவந்த வேட்டி

தம்பிக்கு அம்மா எழுதுவது.

நேற்று காலையில் நீ போன் செய்தபோது, பஸ் சத்தம் கேட்கிறதே, எங்கே போகிறாய் என்று கேட்டாய். கோயிலுக்கு என்றேன். அது பொய். நான் பேராவூரணி போகிற பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். மடியில் ஒரு துணிப்பை. தினேஷின் அம்மா பாக்கியத்தைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தேன். போனில் சொல்லியிருந்தால் நீ வேண்டாம் என்றிருப்பாய். நானும் அதுதான் சாக்கு என்று பட்டுக்கோட்டையிலேயே இறங்கித் திரும்பியிருப்பேன். என் தைரியம் எவ்வளவு என்று உனக்குத் தெரியாதா? அதனால்தான் போய்விட்டு வந்து எழுதுகிறேன்.

நான் எட்டாவது பாதியில் நின்றவள். பால்காரனுக்கும் ரேஷன் கடைக்கும் சீட்டு எழுதியதைத் தவிர இந்தக் கை பெரிதாக ஒன்றும் எழுதியதில்லை. எழுத்துப் பிழை இருக்கும், பொறுத்துக்கொள். ஒன்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதத்தை நீ மடித்து ஒளித்து வைக்க வேண்டாம். தினேஷுக்குப் படித்துக் காட்டு. பெரியப்பா வீட்டுக்கு அனுப்பு. பத்திரிகையில் போட்டாலும் எனக்குச் சம்மதம். நான் செய்த தப்பைப் பந்தல் நிறைய ஆட்கள் இருக்கும்போது செய்தேன். இப்போது உன் காதில் மட்டும் மன்னிப்புக் கேட்டால் அது மன்னிப்பே ஆகாது.

கார்த்திகை வந்தால் அப்பா போய் ஒரு வருஷம். டிவியில் மேட்டூர் நீர்மட்டம் சொல்லும்போது இன்னமும் நான் சத்தத்தைக் கூட்டி வைக்கிறேன். அடுப்படியில் இருந்தாலும் ஓடிவந்து கூட்டுகிறேன். கேட்பதற்குத்தான் ஆள் இல்லை. வாய்க்காலில் இந்த வருஷம் தண்ணீர் சீக்கிரமே வந்துவிட்டது. அதை யாரிடம் சொல்வது என்று தெரியாமல், மாட்டுக்குத் தவிடு வைக்கும்போது மாட்டிடம் சொன்னேன். போன மாதம் உன்னிடம், தலைத்திவசத்துக்கு என்றைக்கு வருகிறாய் என்று கேட்டேன். "நீயும் மாமாவும் பாத்துக்குங்கம்மா" என்றாய். அதில் கோபம் இருந்திருந்தால் நான் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். மாத்திரை போட்டாயா என்று கேட்பாயே, அதே குரலில் சொன்னாய். அன்றைக்குத்தான் புரிந்தது, நீ என்னை விட்டுப் போகிறாய் என்று. சத்தம் போடாமல், கதவைச் சாத்தாமல், மாசம் ஒரு போனாகக் குறைத்துக்கொண்டு.

கருமாதி அன்றைக்கு நடந்தது உனக்குத் தெரியும். இருந்தாலும் நான் என் வாயால் சொல்ல வேண்டும். ஆற்றங்கரையில் எல்லாம் முடிந்து, நீ மொட்டைத் தலையோடு ஈரம் காயாமல் பந்தலில் வந்து நின்றாய். அப்பனுக்குக் காரியம் செய்த மகனுக்குப் பெண் கொடுத்த வீட்டார் புது வேட்டியும் துண்டும் கொண்டுவந்து தலையில் உருமா கட்டுவது நம் பக்கத்து வழக்கம். இனி இந்த வீட்டுக்கு நீதான் பெரியவன், உனக்குப் பின்னால் நாங்கள் இருக்கிறோம் என்று அதற்கு அர்த்தம். கல்யாணம் ஆகாத பிள்ளைக்குத் தாய்மாமன் கட்டுவான். மாமாவும் துணியோடு தயாராக நின்றான். தினேஷ் மூன்று நாளாக வந்து பந்தலுக்கு லைட் போட்டு, தண்ணீர் கேன் தூக்கி, ஓடி ஓடி வேலை செய்துகொண்டிருந்தான். "யாரு அந்தப் பையன்?" என்று கேட்டவர்களிடமெல்லாம், "தம்பியோட கூட்டாளி, ஏசி மெக்கானிக்" என்று சொல்லி வைத்திருந்தேன்.

அப்போதுதான் பாக்கியம் முன்னால் வந்தார். எவர்சில்வர் தட்டில் வேட்டி, துண்டு, வெற்றிலை பாக்கு, ஒரு சீப்புப் பழம். முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தார். "மாமன் கட்டுறதுக்கு முன்னாடி எங்க வீட்டு உருமாவக் கட்டிரலாமாங்க?" என்று என்னைத்தான் கேட்டார். "யாரு இந்தம்மா? எந்த ஊரு?" என்று யாரோ கேட்டது காதில் விழுந்தது. பெரியப்பா செருமினார். "ஏம்மா, அத இப்படிக் குடுத்துட்டு நீ கொல்லப் பக்கம் போயி சாப்பிடு. எல போட்டுருக்கு" என்றேன்.

கொல்லையில் யாருக்கு இலை போட்டிருந்தது என்று உனக்குத் தெரியும். நாற்றுப் பறிக்க வருகிறவர்களுக்கும் தேங்காய் பறிக்கிறவர்களுக்கும். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவரை நீ என்று சொன்னேன். சம்பந்தியாக வந்தவரைக் கூலிக்கு வந்தவர்கள் பந்தியில் உட்கார வைத்தேன். அதைச் சொல்லும்போதே இன்னொரு தப்பும் தெரிகிறது. கூலிக்கு வருகிறவர்களுக்கு மட்டும் ஏன் கொல்லையில் இலை போட்டேன்? அதை நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

அந்த அம்மா உன் தோள் உயரம்கூட இல்லை. எட்டாதே என்று நீ தலையைக் குனிந்துவிட்டாய். நான் தட்டைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு உள்ளே போன பிறகும் நீ கொஞ்ச நேரம் குனிந்தபடியே நின்றாய். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பிறகு மாமா வந்து கட்டினான். அவனுக்கு நீ குனியவில்லை. பாக்கியம் கொல்லையில் போய் உட்கார்ந்து, சாவு வீட்டில் சாப்பிடாமல் போகக் கூடாது என்று சாப்பிட்டு, இலையைத் தானே எடுத்துப் போட்டுவிட்டு, பஸ்ஸுக்கு நடந்து போனார். மறுநாள் விடியற்காலையில் நீங்கள் இரண்டு பேரும் கிளம்பிவிட்டீர்கள்.

நான் ஏன் அப்படிச் செய்தேன்? முதல் நாள் உன் பெரியப்பா மகன் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். அமெரிக்காவிலிருந்து சித்தப்பா காரியத்துக்கென்றே வந்தவன். "சித்தி, தம்பியும் தினேஷும் சேந்து இருக்குறதுல எனக்கு ஒண்ணுமில்ல. எங்க ஆபீஸ்ல இவங்க மாதிரி ஆளுங்களுக்காக வருஷா வருஷம் கொடி புடிச்சுக்கிட்டு ஊர்வலமே போவோம். ஆனா இங்க வேணாம். தங்கச்சிக்கு மன்னார்குடிப் பக்கம் வரன் பேசிக்கிட்டிருக்கு. காதுல விழுந்தா அவ்வளவுதான்" என்றான். சரிப்பா என்றேன். அவன் கெட்டவன் இல்லை. அந்த ஊரில் பிடிக்கிற கொடியை இந்த ஊர் ஏர்போர்ட்டில் இறங்கும்போது பெட்டிக்குள் வைத்துவிடுகிறான், அவ்வளவுதான். நீகூட ஒருமுறை சொன்னாய், உன் ஆபீஸ் பாரத்தில் குடும்பம் என்று போட்ட இடத்தில் தினேஷ் பெயரை எழுத விட்டார்கள் என்று. அதே தினேஷ் வேலை பார்க்கும் கடையில் தெரிந்தால் மறுநாள் வேலை இருக்காது என்றும் சொன்னாய். ஒரே பட்டணம், ஒரே வீட்டில் இருக்கிற இரண்டு பேர். மாடியில் ஏசிக்குள் உட்கார்ந்து வேலை பார்க்கிறவனுக்கு ஒரு நியாயம், அந்த ஏசியை ரிப்பேர் செய்ய ஏணியில் ஏறுகிறவனுக்கு ஒரு நியாயம். அன்றைக்கு எனக்கு அது புரியவில்லை. எந்தப் பாரத்திலோ குடும்பமாக இருக்கிறவனுக்கு என் வீட்டில் ஒரு இலை இல்லாமல் போனதே என்று இப்போது நினைக்கிறேன்.

இதற்கு முன்னால் நான் செய்ததும் இருக்கிறது. ஐந்து வருஷத்துக்கு முன்பு ஒரு பொங்கலுக்கு வந்தபோது, உனக்குப் பெண்கள் மேல் மனசு போகாது என்று மாட்டுக் கொட்டகையில் வைத்து நீ என்னிடம் சொன்னாய். நான் அழவில்லை, திட்டவில்லை. "காபி ஆறுது, வா" என்றேன். நீ சொன்னது காதிலேயே விழாத மாதிரி அடுத்த மாதமே பாபநாசத்தில் ஒரு பெண்ணைப் பார்க்க உன்னை இழுத்துக்கொண்டு போனேன். அந்தப் பெண் பயந்து பயந்து காபி கொண்டுவந்தது. நீ டம்ளரைத் தொடவே இல்லை. திரும்பி வரும்போது காரில், "அந்தப் பொண்ணு என்னம்மா பாவம் பண்ணுச்சு?" என்று கேட்டாய். ஜாதகம் பொருந்தவில்லை என்று அவர்களுக்குச் சொல்லி அனுப்பினேன். அந்தப் பெண்ணுக்குத்தான் ஏதோ குறை என்று ஊரில் பேசியிருப்பார்கள். அந்தப் பெண்ணின் அம்மாவை எங்கேயாவது பார்த்தால் காலில் விழ வேண்டும்.

அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், தம்பி. இதை எழுதத்தான் நேற்று ராத்திரியிலிருந்து நோட்டை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். அவரை வைத்தியத்துக்கு உன் வீட்டில் இரண்டு மாதம் வைத்திருந்தாயே. நீ ஆபீஸ் போன பிறகு தினேஷ்தான் அவரைக் குளிப்பாட்டுவான், முகம் மழித்துவிடுவான். முதல் வாரம் அப்பா அவனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒருநாள் தலை துவட்டும்போது, "ஏம்ப்பா, கடக்கரைக்காரன் மீன் இல்லாம எப்படி இருக்க?" என்று கேட்டார். "என்னங்க பண்றது, ஒங்க மவன் முட்டைக்கே மூக்கப் புடிக்கிறாரு" என்றான் அவன். அப்பா சிரித்தார். வியாதி வந்த பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு தினேஷ் வர நேரமானால் வாசலைப் பார்ப்பார்.

ஊருக்குத் திரும்பிய பிறகு, அவர் கண் மூடுவதற்கு ஒரு வாரம் முன்னால், மத்தியானம் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். "ஒன் மவன் நல்லாத்தான்டி இருக்கான். நாமதான் நல்லா இல்ல" என்றார். கொஞ்சம் பொறுத்து, "எனக்கு வாயில வர மாட்டேங்குது. சரின்னு அவன்கிட்ட நீ சொல்லிரு" என்றார். எது சரி என்று நான் கேட்கவில்லை. தெரிந்துதான் கேட்கவில்லை. அன்று சாயந்திரம் நீ போன் செய்தாய். பக்கத்தில் படுத்துக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மழை பெய்கிறது என்று சொன்னேன், தோட்டத்து வாழை சாய்ந்துவிட்டது என்று சொன்னேன். அதைச் சொல்லவில்லை. சொன்னால் நீ அடுத்த பஸ்ஸிலேயே அவனைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றுவிடுவாயோ, தெருவுக்கு என்ன பதில் சொல்வது என்று பயந்தேன். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். பிறகு அவரும் போய்விட்டார். அப்பா கடைசிவரை ஏற்றுக்கொள்ளவில்லை என்று நீ நினைத்துக்கொண்டே கொள்ளி வைத்தாய். அது அப்படி இல்லை தம்பி. அவர் சரி என்றுதான் சொன்னார். நான்தான் விழுங்கிவிட்டேன். இதற்கு நீ என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்.

நம் மாதிரி நிலம் வைத்திருக்கிற வீட்டில் பிள்ளை என்றால் பட்டாவில் அடுத்து ஏற வேண்டிய பெயர். நமக்கு இருப்பது ஒரு வேலி, ஆறேழு ஏக்கர் நிலம்தான், ஆனால் பயம் ஊர் முழுக்க நிலம் இருக்கிற மாதிரி. அடுத்த பெயர் யார், அதற்கடுத்த பெயர் யார் என்றே பார்த்துக்கொண்டிருந்தால், பிள்ளையின் முகம் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதற்காகக் குடிசையில் இருப்பவர்கள் எல்லாம் பெரிய மனசு என்றும் நான் சொல்ல வரவில்லை. ஆடியில் நாற்றங்காலில் நின்றுகொண்டிருந்தேன். அஞ்சலை, அவளை உனக்குத் தெரியும், நம் வயலில் இருபது வருஷமாக நடவு நடுகிறாள், நாற்று முடியைக் கட்டிக்கொண்டே கேட்டாள்.

"ஏங்க்கா, அந்தக் கடக்கரை அம்மாவ அன்னைக்கு எங்ககூட ஒக்கார வச்சிட்டீங்களே. ஒங்க சம்மந்திதானே அது?"

"யாருடி சொன்னா?"

"யாரு சொல்லணும்? தம்பி குனிஞ்சு நின்னதப் பாத்தோம்ல."

ஊருக்குத் தெரியக் கூடாது என்று நான் மூடி வைத்தது அவர்களுக்கெல்லாம் அன்றைக்கே தெரிந்திருக்கிறது. தெரிந்தும் யாரும் வயலுக்கு வராமல் இல்லை. "ஒங்க தெருவுல ஒண்ணும் சொல்ல மாட்டாங்களாடி?" என்று கேட்டேன். அவள் நாற்றை உதறிவிட்டு நிமிர்ந்தாள். "எங்க தெருவு மட்டும் என்னக்கா ஒசத்தி? பொடவை கட்டுச்சுன்னு எங்க கொழுந்தன் மவன முடிய வெட்டி வெரட்டி விட்டோம். நானுந்தான் நின்னு பாத்தேன். இப்ப திருப்பூர்லயோ எங்கயோ இருக்குதாம். அவங்க ஆத்தா சாயங்கால பஸ்ஸு வர்றப்பல்லாம் போயி நின்னுட்டு வருது." அந்தத் தாய் பஸ் நிறுத்தத்தில் நிற்பதை நானும் பார்த்திருக்கிறேன். வேலை வெட்டி இல்லாமல் நிற்கிறாள் என்று நினைத்திருக்கிறேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்து பாக்கியம் கொடுத்த வேட்டியை எடுத்தேன். மடிப்புக் கலையாமல் இருந்தது. அதைத்தான் துணிப்பையில் வைத்துக்கொண்டு நேற்று போனேன்.

பேராவூரணி மார்க்கெட்டில் மீன் விற்கிற இடத்தில் போய் நின்றேன். "ஏ பாக்கியம், ஒன்னத் தேடி ஒரு நெல்லுக்காரம்மா வந்துருக்கு. சேத்துல நிக்கிற மாதிரி பொடவையத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு நிக்கிது பாரு" என்று ஒருத்தி கத்தினாள். எல்லாரும் சிரித்தார்கள். பாக்கியம் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பையையும் பார்த்தார். "இருங்க. இந்தக் கெழங்கா மீன அறுத்துக் குடுத்துட்டு வரேன்" என்று சொல்லி, அவசரப்படாமல் அறுத்து முடித்துக் கையைக் கழுவிக்கொண்டு வந்தார்.

"திருப்பிக் குடுக்க வந்தீங்களா?" என்றார்.

"இல்லைங்க. ஒங்க கையாலயே திருப்பி வாங்கிக்க வந்தேன்" என்றேன். மார்க்கெட்டில் நின்று அழுதேன். ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். டீ சொன்னார். உட்கார்ந்து அவராகவே பேசினார். "நான் மட்டும் என்ன, சந்தோசமாவா இருந்தேன்? பதினேழு வயசுல அவன் சொன்னப்ப வௌக்கமாறு பிய்யிற வரைக்கும் அடிச்சேன். மந்திரிச்சுக் கயிறு கட்டுனேன். அந்த வருசந்தான் அவங்கப்பா கடலுக்குப் போயி வரல. எட்டு நா கரையில ஒக்காந்திருந்தேன். எம்பக்கத்துல ஒக்காந்திருந்தது அவன் ஒருத்தன்தான். அதுக்கப்பறம் கயித்த நானே அறுத்துப் போட்டேன். ஊருல பேசத்தான் செய்யுறாளுவ. குடிச்சிட்டு வந்து பொண்டாட்டிய ஒதைக்கிற மருமவன் எங்க தெருவுலயே மூணு இருக்கு. அதப் பேசுங்கடின்னு சொல்லிட்டு நான் பாட்டுக்கு மீனு விக்கிறேன்."

பக்கத்துக் கடைக்காரி காதை நீட்டிக்கொண்டே இருந்தாள். "யாரு பாக்கியம் இது? ஒறவா?" என்றாள். பாக்கியம் டீயை ஊதிக்கொண்டு என்னையே பார்த்தார். இந்தக் கேள்விக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது.

"சம்பந்தி" என்றேன்.

"ஒம்பொண்ணத்தான் இன்னும் கட்டிக் குடுக்கலையே. ஏது சம்மந்தி?"

"ஏன், எனக்குப் பொண்ணு மட்டுந்தானா பொறந்துச்சு?" என்றார் பாக்கியம்.

அந்தப் பெண் கொஞ்ச நேரம் முழித்தாள். அப்புறம், "ஓ, தினேஷு வூடா!" என்றாள். மனசுக்குள் என்ன நினைத்தாளோ, அது எனக்குத் தெரியாது. ஆனால் தன் கூடையிலிருந்து நான்கு நண்டை எடுத்து ஒரு பையில் போட்டு, "சம்மந்தியம்மா மொத தடவ வந்துருக்கு, வெறுங்கையோடவா அனுப்புறது" என்று என் பக்கம் நீட்டினாள். உலகம் இடிந்து விழும் என்று நான் ஒரு வருஷமாகப் பயந்த வார்த்தையைச் சொன்னேன். கையில் நண்டுப் பைதான் வந்தது.

வேட்டியைப் பாக்கியத்திடம் கொடுத்தேன். இது என் பீரோவில் இருக்கக் கூடாது, கார்த்திகையில் வரும்போது நீங்கள் உங்கள் கையால் கொண்டுவந்தால்தான் முறை என்றேன். அவர் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "வரேன். ஆனா கொல்லையில ஒக்கார மாட்டேன்" என்றார். "கொல்லையில யாருக்குமே எலை போடப் போறதில்லைங்க. எல்லாருக்கும் கூடத்துலதான். மொதப் பந்தியில எம்பக்கத்துல நீங்க" என்றேன். சரி என்று தலையாட்டினார்.

நேற்று சாயந்திரமே மாமாவிடம் சொல்லிவிட்டேன். "தலைத்திவசத்துல உருமா கட்டுற வழக்கமே கெடையாதேக்கா" என்றான். கட்ட வேண்டிய அன்றைக்கு நான் கட்டவிடவில்லை, அதனால் இந்த வீட்டில் அது தலைத்திவசத்தில்தான் என்றேன். பெரியப்பா வருவாரா என்று தெரியாது. பெரியப்பா மகனுக்கும் சொல்லிவிட்டேன். தங்கச்சி வரன் தட்டிப்போனால் அந்தப் பழியும் என் மேல் இருக்கட்டும். இவ்வளவு செய்துவிட்டேன், அதனால் நீ வந்தே ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வருகிற உரிமையும் வராமல் இருக்கிற உரிமையும் உன்னுடையது. ஆனால் வந்தால் தினேஷோடு வா. அவன் லைட் போட வேண்டாம், தண்ணீர் கேன் தூக்க வேண்டாம். உன் பக்கத்தில் நிற்கட்டும். யார் அந்தப் பையன் என்று கேட்டால் இந்தத் தடவை நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

இதற்குள் உன் தலையில் முடி நன்றாக வளர்ந்திருக்கும். பாக்கியம் உயரம் உனக்குத் தெரியும். அன்றைக்குக் குனிந்தாயே, அதே மாதிரி கொஞ்சம் குனிந்து நில். தட்டை நான் பிடித்துக்கொள்கிறேன்.

அம்மா